ஏழாவது கம்பம் வரை

எனக்குச் சரியாக மூச்சு விடத் தெரியாது என்பதை என்னுடைய முப்பத்தோராவது வயதில்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் நானும் எல்லோரையும் போல விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஓய்வு பெற்ற தபால்காரர்கள் சேர்ந்து போடும் மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இப்போது வேலையில் இருக்கிற பையன்கள் பீட்டுக்கு, அதாவது தபால் கொடுக்கிற சுற்றுக்கு, மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். "மணல்ல சைக்கிளைத் தள்ளிக்கிட்டு, அதுவும் இழுப்பை வெச்சிக்கிட்டு எப்படிங்க ஓட்டினீங்க?" என்று கேட்கிறார்கள். நான் ஓட்டவில்லை, என்னப்பன் முருகன் ஓட்டினான். ஆனால் அவன் எப்படி ஓட்டினான் என்று எனக்குத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே புதுச்சேரி தபால் ஆபீசில் சேர்ந்துவிட்டேன். தெருப்பெயர் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும், படிக்கத் தெரியாமல் வீட்டு வாசலில் இருக்கும் வேப்பமரத்தையும் பூவரசையும் அடையாளம் வைத்து ஒரு வருஷம் சமாளித்தேன். தொழில் பழகியது இவ்வளவுதான். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. காலையில் "போன்ழூர் முசே" என்று வணக்கம் சொன்ன வாய் அடுத்த மாதமே "குட்மார்னிங் சார்" என்றது. சட்டை காக்கியானது. என் பீட் மட்டும் மாறவில்லை. ஆபீசிலிருந்து கிளம்பி, குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், அதற்கும் வடக்கே ஒரு சின்னக் குப்பம். பிறகு முத்தியால்பேட்டைத் தெருக்கள் வழியாகத் திரும்பி வரவேண்டும்.

அந்த வடக்குக் குப்பத்துக்குப் போகத்தான் மணல். சுற்றிக்கொண்டு ரோட்டில் போனால் அரை மணி நேரம் கூடுதல். நேராகப் போனால் கடலோரம் சுமார் மூன்று பர்லாங்கு, சைக்கிள் சக்கரம் பாதி புதையும்.

ஐம்பத்தைந்து மழைக்காலத்தில் ஒரு சளி பிடித்தது. சளி போய்விட்டது, இருமல் தங்கிவிட்டது. அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது போலச் சத்தம். பத்து வீடு கடந்தால் மூச்சு மேலே ஏறி நின்றுகொள்ளும். ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். மூச்சு முட்டும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று பேச்சுக் கொடுப்பேன். "மாடு கன்னு போட்டுதா?" "சைகோன்ல இருந்து தம்பி எழுதினாரா?" அவர்கள் நீளமாகப் பதில் சொல்வார்கள். அந்த நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். முத்தியால்பேட்டையில் எனக்கு நல்ல பெயர். கோவிந்தசாமி மாதிரி குடும்பத்தை விசாரிக்கிற தபால்காரர் உண்டா என்பார்கள். பாதிப் பேர் சொன்ன பதில் என் காதில் விழுந்ததே இல்லை.

வீட்டில் இதை மறைக்க முடியவில்லை. என் மனைவி தையல்நாயகி தலையணையை இரண்டாக்கி, பிறகு மூன்றாக்கி, கடைசியில் ஒரு நாள் என்னை ஒப்பித்தாலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். எங்கள் ஊரில் பெரிய ஆஸ்பத்திரியை அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒரு டாக்டர், நம் ஊர்க்காரர், பிரெஞ்சுக்காரனிடம் படித்தவர். நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே கேள்வி கேட்பார்.

"பீடி உண்டா?"

"கெடையாது முசே. முருகன் சத்தியமா."

"மூக்குப்பொடி?"

என் கை மடிக்குப் போனது.

"அதைப் பத்தி முருகன்கிட்டப் பேசலியா?" என்றார். தையல்நாயகி அங்கேயே என் மடியிலிருந்து பொடி மட்டையை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டாள்.

"இது போயிடுமா முசே?" என்று கேட்டேன்.

"போவாது. குடி வந்துட்டான், காலி பண்ண மாட்டான். ஆனா எந்த ரூம்ல இருக்கணும், எவ்ளோ சத்தம் போடலாம்னு நீ சொல்லலாம்." மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார். "நல்லாவணும், நல்லாவணும்னு நெனைச்சிக்கிட்டு இருக்காதே. அது வெறும் ஆசை. நிக்காம எது வரைக்கும் போவணும், ஒரு எடம் சொல்லு. அதுதான் குறி."

"மயிலம் மலை மேல, முசே. காவடி எடுக்கறதா வேண்டியிருக்கேன்."

"இந்த வராண்டாவைத் தாண்டு மொதல்ல. அப்புறம் மலையைப் பாக்கலாம்."

எனக்கு முகம் தொங்கிப்போனது. திரும்பி வரும்போது தையல்நாயகி சொன்னாள்: "டாக்டர் சரியாத்தான் சொல்றாரு. நீங்க சாமிகிட்ட எப்பப் பாரு பெருசு பெருசா வேண்டறீங்க. முழுசா நல்லாச்சின்னா காவடி, முழுசா நல்லாச்சின்னா மொட்டை. முழுசா ஆவவும் போறதில்ல, நீங்க எடுக்கவும் போறதில்ல. சின்னதா வேண்டிக்கங்க. தெரு முனைப் புள்ளையாருக்கு ஒரு தேங்கா. செய்யறப்ப ஒடைங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் ஒரு குறி, எட்டினால் ஒரு சிதறு தேங்காய்.

டாக்டர் மூச்சு விடவும் சொல்லிக்கொடுத்தார். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்கு அணையாமல் சுடர் மட்டும் சாயும்படி மெதுவாக ஊத வேண்டும். இழுப்பதைவிட விடுவது இரண்டு மடங்கு நீளமாக இருக்கவேண்டும். வீட்டில் பழகலாம் என்று காமாட்சி விளக்கின் முன்னால் உட்கார்ந்தேன்.

"சாமி வெளக்கையா ஊதறீங்க? எழுந்திருங்க," என்று தையல்நாயகி விரட்டிவிட்டு, சமையலறைச் சிம்னி விளக்கைக் கண்ணாடி கழற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மண்ணெண்ணெய்ப் புகைக்கு இன்னும் இருமினேன். பிறகு விளக்கே வேண்டாம் என்று நானாக ஒரு வழி வைத்துக்கொண்டேன். "முருகா" என்று மனசுக்குள் சொல்லி இழுப்பேன். ச-ர-வ-ண-ப-வ என்று ஆறு எழுத்தையும் சொல்லி விடுவேன். முதலில் நாலாவது எழுத்திலேயே காற்றுத் தீர்ந்துவிடும். ஆறையும் ஒரே மூச்சில் முடிக்க எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. முதல் தேங்காய் அதற்குத்தான்.

அடுத்து மணல். அங்கே வீடு கிடையாது, பேச்சுக் கொடுக்க ஆள் கிடையாது, நின்றால் நின்றதுதான். தூரத்தை எதை வைத்து அளப்பது என்று பார்த்தேன். கரையில் கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன. குப்பத்தில் அவற்றை வெறும் மரம் என்பார்கள். சரி, மரத்தை எண்ணிக்கொள்வோம். முதல் மாதம் மூன்று மரம் நிற்காமல் கடந்தேன். அடுத்த மாதம் ஐந்து. கரையில் கருவாடு காயவைக்கும் பொன்னம்மா அக்கா இதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டது. வாயாடி. என்னைவிடப் பத்து வயசு மூத்தது.

"தம்பி, இன்னிக்கி எத்தினி மரம்?" என்று தூரத்திலேயே கேட்கும். பக்கத்தில் கூடை பின்னும் பெண்கள் சிரிப்பார்கள். நான் விரலைக் காட்டுவேன். பேசினால் மூச்சு போய்விடும் அல்லவா.

ஒரு நாள் ஒன்பது மரம் கடந்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை. அன்று மாலையே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஆபீசில் எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்தேன். மறுநாள் பொன்னம்மா அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அது கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டது:

"நேத்து கடல் எப்படி இருந்துது, பாத்தியா?"

"அலை கொஞ்சம் பெருசா இருந்துது."

"கொஞ்சமா? ஒரு மரம் எறங்கல. அலை அடிச்சிக்கிட்டுப் போவும்னு அத்தினி மரத்தையும் மேல இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போட்டுட்டாங்க. நீ தாண்டினது ஒம்போது மரம் இல்ல தம்பி. ஒரு மரக் கும்பல்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மீன் நன்றாகப் படுகிற நாளில் மரமெல்லாம் கடலுக்குப் போய்விடும், கரையில் இரண்டோ மூன்றோதான் கிடக்கும். அந்த நாளெல்லாம் "இரண்டே மரம்தானா, நோய் முற்றிவிட்டது" என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். கடல் கொந்தளிக்கிற நாளில் எல்லாம் தேறிவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். என் நெஞ்சை அளப்பதாக நினைத்துக்கொண்டு இத்தனை மாதம் வங்காள விரிகுடாவை அளந்திருக்கிறேன்.

"நிக்கற பொருளை எண்ணுய்யா," என்றது அக்கா. "வலை காயப்போடற கம்பம் இருக்கு பாரு. அதுங்க எங்க போவுது?"

பதினோரு கம்பம் இருந்தன. நேர்மையாக எண்ணிப் பார்த்ததில் நாலாவதிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போய்த் தையல்நாயகியிடம் சொன்னேன். பொய்யாக உடைத்த தேங்காய்க்கு என்ன பரிகாரம் என்று கேட்டேன்.

"புள்ளையாரு திருப்பித் தர மாட்டாரு. அடுத்ததுக்கு முன்பணம்னு வெச்சிக்கச் சொல்லுங்க," என்றாள்.

நாலு ஐந்தாயிற்று. ஐந்து ஆறானது. மார்கழிப் பனியில் மறுபடி நாலுக்கு வந்தபோது டாக்டரிடம் போய் அழாத குறையாக நின்றேன். "பனிக்காலத்துக்கு ஒரு குறி, வெயில் காலத்துக்கு ஒரு குறி வெச்சிக்க. ரெண்டையும் ஒண்ணா ஏன் கட்டிப்போடறே?" என்றார். அதற்குப் பிறகு நாலு என்பது எனக்குத் தோல்வியாகத் தெரியவில்லை. அது மார்கழிக்கு உள்ள எண்ணிக்கை, அவ்வளவுதான். இரண்டு வருஷம் இப்படிப் போனதில் வெயில் காலத்தில் ஏழாவது கம்பம் வரைக்கும் போனேன். அங்கே நின்று, சைக்கிளைச் சாய்த்து, ஐந்து நிமிஷம் சரவணபவ சொல்லிவிட்டு மீதி நாலையும் கடப்பேன். நாள் தவறாமல் பன்னிரண்டு மணிக்குள் ஆபீசில் இருப்பேன்.

இப்போது பத்மநாபன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் மெட்ராஸ் பக்கத்திலிருந்து எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். ஒல்லியான மனுஷர். கத்த மாட்டார். எங்களை "மிஸ்டர்" போட்டுக் கூப்பிடுவார். எங்களில் ஒருவரையும் அதுவரை யாரும் மிஸ்டர் என்று அழைத்ததில்லை. அதனாலேயே எங்களுக்கு உதறும். இரண்டு பக்கமும் சீவிய பென்சில் ஒன்று வைத்திருப்பார், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். காலையில் விழுப்புரம் ரயிலில் வந்த மூட்டையைப் பிரித்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி எங்கள் பக்கம் பார்க்கும்படி மேசை மேல் வைப்பார். முத்திரை குத்துவது, பீட் வாரியாகப் பிரிப்பது எல்லாம் அதன் கண் முன்னால்தான். பிரித்த கடிதங்களை ஒவ்வொருவரும் தான் நடக்கும் வரிசைப்படி அடுக்கிச் சணல் கயிற்றால் கட்ட வேண்டும். என் கட்டை எடுத்து விசிறி மாதிரி ஓட்டிப் பார்ப்பார். "மிஸ்டர் கோவிந்தசாமி, இந்த வீட்டுக்காரர் கிழக்கு வரிசை. மேற்கில் வைத்திருக்கிறீர்கள்." அவ்வளவுதான். அதைத் திட்டு என்றும் சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்கக் காதில் ஒலிக்கும்.

பழைய பிரெஞ்சு சர்வீஸ் ஆட்களைப் புதிய இந்திய சர்வீஸில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதற்கு முன்னால், ஒவ்வொருவருடைய பீட்டிலும் கூடவே நடந்து பார்த்துக் குறிப்பு எழுதப்போவதாக ஒரு நாள் அறிவித்தார். நடக்க முடியாதவர்கள் பீட்டுக்கு லாயக்கில்லை, வீட்டுக்குப் போகவேண்டியதுதான். எனக்கு மூன்று பெண்கள். இழுப்பைப் பற்றி ஆபீசில் ஒருவரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

என் முறை வந்தது சித்திரை மாதத்தில். குடை, பூட்ஸ், கையில் நோட்டு, பென்சில். அவர் முன்னால் வீட்டு வாசலில் நின்று மாட்டை விசாரிக்க முடியுமா? குருசுக்குப்பத்தில் ஒருவர் வழக்கம் போல "வாங்க, ஒக்காருங்க, ஒரு சேதி கேட்டீங்களா" என்று ஆரம்பித்தார். "அப்புறம் பேசலாம்ணே," என்று நடையைக் கட்டினேன். அந்த மனிதர் திகைத்துப்போனார். ஏழு வருஷத்தில் நான் அவர் பேச்சை முடித்துவைத்தது அதுதான் முதல் தடவை.

மணல் வந்ததும் பத்மநாபன் சார் பூட்ஸைக் கழற்றினார். நாடாவை முடிந்து, "தயவு செய்து," என்று சொல்லி என் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார். கால்சட்டையை மடித்துக்கொண்டு பின்னால் வந்தார். நான் முருகா, சரவணபவ என்று போய்க்கொண்டிருந்தேன். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது கம்பத்துக்கு வந்தபோது நெஞ்சு வழக்கம் போல நிற்கச் சொன்னது. பின்னால் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.

பொன்னம்மா அக்கா கரையிலிருந்து கத்தியது: "தம்பி, ஏழு ஆச்சி, நில்லு."

நான் காது கேட்காதவன் போல நடந்தேன்.

"இன்னாடி இது, ஆபீசர் வந்தா எட்டாவது கம்பம் கிட்ட வந்துடுமா? யோவ், நில்லுய்யா."

பெண்கள் சிரித்தார்கள். எட்டாவது கம்பத்தையும் கடந்தேன். ஒன்பதாவதுக்கு இரண்டு அடி இருக்கும்போது, இழுத்த காற்று வெளியே போகவே மாட்டேன் என்றது. கண் இருட்டியது. சைக்கிளை விட்டுவிட்டு அப்படியே மண்டியிட்டேன். பை சரிந்து கட்டு பிரிந்துகொண்டது. கடல் காற்று வேறு எழும்பிவிட்ட நேரம். தபால்கள் கோழிக்குஞ்சு மாதிரி நாலா பக்கமும் ஓடின.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாதிதான் பார்த்தேன். பொன்னம்மா அக்கா என் முதுகைப் பிடித்து முன்னால் சாய்த்து, "வெளிய ஊது, வெளிய ஊது" என்றது. இரண்டு பெண்கள் மீன் கூடையைக் கவிழ்த்துத் தபாலைப் பிடித்தார்கள். எங்கள் மேலதிகாரி குடையைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஒரு போஸ்ட் கார்டைத் துரத்திக்கொண்டு அலை வரைக்கும் ஓடியதை மட்டும் முழுதாகப் பார்த்தேன்.

கடிதங்களை எல்லாம் பொறுக்கி எண்ணி, ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் என் பக்கம் வந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. பொன்னம்மா அக்கா அவரை விடவில்லை.

"ஏங்க ஆபீசரே, நல்லா போய்க்கிட்டு இருந்த மனுசன். ரெண்டு வருசமா ஒவ்வொரு கம்பமா சேத்து வெச்சிருந்தாரு. நீங்க பின்னாடி வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

"என்ன கம்பம்?" என்று கேட்டார்.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மரம், கம்பம், தேங்காய், மூக்குப்பொடி வரைக்கும். எனக்குத் தடுக்க மூச்சு இல்லை. சரி, கோவிந்தசாமி, இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"மிஸ்டர் கோவிந்தசாமி, உங்கள் எண்ணிக்கை ஏழா?"

"ஆமாங்க சார்."

"அப்படியானால் ஏன் எட்டாவதுக்குப் போனீர்கள்?"

"நீங்க பின்னாடி வந்தீங்க சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எதையோ எழுதினார். எந்தப் பக்கத்துப் பென்சில் என்று பார்க்க முயன்றேன், தெரியவில்லை. பிறகு அவரும் மணலில் உட்கார்ந்தார். நான் தேறி எழுந்திருக்கும் வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்ச பீட்டை முடித்து, முத்தியால்பேட்டை வழியாக ஆபீசுக்குத் திரும்பியபோது பன்னிரண்டடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. தபால்களில் பாதிக்கு நெத்திலி வாசனை.

அன்று வீட்டில் நான் சாப்பிடவில்லை. தையல்நாயகி விளக்கேற்றும்போது, "புள்ளையாரப்பா, இந்த மாசம் நாங்க ஒண்ணும் கேக்கல, நீயா பாத்துக்க," என்று சொன்னாள்.

மறுநாள் காலை, தபால் மூட்டை பிரிப்பதற்கு முன்னால் பத்மநாபன் சார் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் இரண்டு தாள்.

"நேற்று ஏழாவது கம்பத்தில் நின்றிருந்தால் உங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நிற்காததால் பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. தபால் மணலில் கொட்டியது தனி. ஆகவே நிற்பதுதான் முறை." முதல் தாளை என் பக்கம் திருப்பினார். அது என் பீட்டின் வழித்தட அட்டவணை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று தெருவும் நேரமும் இங்கிலீஷில் வரிசையாகப் போட்டிருந்தது. நடுவில் நீலப் பென்சிலால் புதிதாக ஒரு வரி. அதைத் தமிழில் படித்துக் காட்டினார்: "மணல்வெளி, ஏழாவது கம்பம். ஐந்து நிமிடம் நிறுத்தம்." அதற்குப் பக்கத்தில், மார்கழியில் நாலாவது கம்பம் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். கீழே கையெழுத்து, முத்திரை.

நான் கும்பிட்டேன்.

"இருங்கள். உடம்பைப் பற்றி இத்தனை நாள் என்னிடம் சொல்லாதது தவறு. அதற்கு விளக்கம் எழுதிக் கொடுங்கள்," என்று இரண்டாவது தாளை நீட்டினார். அது வெள்ளைத்தாள்.

நாலு வரி எழுதினேன். பயத்தினால் சொல்லவில்லை, இனிமேல் சொல்வேன் என்று. அதை வாங்கிப் படித்து, இரண்டு எழுத்துப் பிழையைச் சிவப்புப் பக்கத்தால் திருத்தி, என் கோப்பில் வைத்துக்கொண்டார்.

அறுபத்திரண்டில் என்னை நிரந்தரமாக்கினார்கள். எட்டாவது கம்பத்தைக் கீழே விழாமல் தொட்டது அந்த வருஷம் பங்குனியில்தான். ஒன்பதாவது கடைசி வரைக்கும் எட்டவேயில்லை. மயிலம் மலைக்குக் குடும்பத்தோடு போனோம். வழியில் பதிமூன்று தடவை உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்தில் எல்லாம் தையல்நாயகி கட்டிவந்த புளிச்சோற்றைத் தின்றுகொண்டே ஏறினேன். காவடி எடுக்கவில்லை. முருகன் கேட்கவும் இல்லை.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது அட்டவணை கைக்கு வந்த அந்த நாள்தான். அன்றும் மணலுக்கு வந்தேன். ஏழாவது கம்பத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, காலை நீட்டிச் சாவகாசமாக உட்கார்ந்தேன். யாரையும் விசாரிக்கவில்லை, கடிதத்தைப் புரட்டிப் பார்க்கிற பாவனை செய்யவில்லை. வாயைக் குவித்து, எல்லோரும் பார்க்க ஊதினேன்.

பொன்னம்மா அக்கா கிட்டே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தது.

"இன்னா தம்பி, வேலை போயிட்டுதா? இவ்ளோ தைரியமா ஒக்காந்திருக்கே?"

ஆறு எழுத்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"சர்க்கார் உத்தரவுக்கா. இன்னும் மூணு நிமிசம் பாக்கி இருக்கு."